மூன்றாவது நிறுத்தத்தில் என்ன சொன்னாய்?

சிறைச்சாலை, நான்காம் கட்டிடம்
மெக்சிகோ நகரம்
9 பிப்ரவரி 2018

அன்புள்ள ஒதிலியா அக்காவுக்கு,

தம்பி எவரார்தோ எழுதுவது. குவாதலுபே மாதா புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆறு பேர் படுக்கிற அறையில் நாங்கள் பதினான்கு பேர். நான் உட்கார்ந்துகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன்.

நடந்ததைச் சாயோ சித்தி அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். ஜனவரி 23, செவ்வாய், காலை பதினொரு மணிக்குச் சந்தைக்குப் பின்பக்கம் ஒரு சிவப்புச் சட்டைக்காரன் கத்தியைக் காட்டி ஒருவரின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினானாம். மறுநாள் சுற்றுலாக் கம்பெனியின் சிவப்புச் சட்டையோடு அந்தப் பக்கம் போன என்னைப் பிடித்துவிட்டார்கள். அதே பதினொரு மணிக்கு நான் சாப்பாட்டுச் சுற்றுலாவுக்கு வந்த பத்து வெளிநாட்டுக்காரர்களோடு தோன்யா கசில்தா அம்மாளின் கஞ்சிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பத்துப் பேரும் அவரவர் நாட்டுக்குப் போய்விட்டார்கள். வக்கீலம்மா கம்பெனியிடம் அவர்கள் பெயரைக் கேட்டதற்கு, 'எவரார்தோ எங்கள் ஊழியர் இல்லை, பட்டியலும் வைப்பதில்லை' என்று பதில் வந்ததாம். ஆறு வருஷம் அவர்களுக்காகச் செருப்புத் தேய்த்திருக்கிறேன் அக்கா!

ஆனாலும் இந்த வேலை கையை விட்டுப் போகக்கூடாது. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு யார் நடந்தாலும் சரி என்கிறார்கள். நீ நடக்க வேண்டும். டெக்சாஸில் ஒன்பது வருஷம் வீடு துடைத்துக் கற்ற இங்கிலீஷ் உனக்கு இருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு. இங்கே பார்வையாளர் நாட்களும் அவையேதான், அதனால் நீ என்னைப் பார்க்க வரமுடியாது. கடிதங்களைச் சித்தி சுமக்கட்டும்.

வழி இதுதான். சந்தை வாசலில் சோளமாவை இலையில் அவித்த தமாலே, இலையை விரித்ததும் ஆவி வரவேண்டும், வராவிட்டால் திருப்பிக் கொடு. அடுத்து தோன் மெல்கோரின் நீலச் சோள அடை, மேலே சப்பாத்திக்கள்ளிப் பொரியல். மூன்றாவது தோன்யா கசில்தாவின் சோளக்கஞ்சி. நான்காவது அன்னாசித்தோலைப் புளிக்கவைத்த பானம், தெபாச்சே. கடைசியில் புல்கே கடை. கற்றாழைக்கள் கொழகொழவென்று இருக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் துப்புவார்கள்.

மூன்றாவது நிறுத்தத்தில் மட்டும் அதிகம் பேசாதே. பேசினாலும் இங்கிலீஷில் பேசு. என் நீல நோட்டுப் புத்தகத்தைத் தேடாதே, அதில் ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி எவரார்தோ


18 பிப்ரவரி

தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. வறுத்த வெட்டுக்கிளி ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், வாசலில் காவலர்கள் கொறிக்காமல் விட்டார்களா என்று எழுது.

உன் சட்டை எனக்கு அக்குளில் பிடிக்கிறது. முதல் நாள் ஒன்பது பேர். ஒருத்தி தனக்குச் சோளம் ஆகாது என்றாள். சோளம் ஆகாதவள் எதற்கடி மெக்சிகோவுக்கு வந்தாய் என்று வாயெடுத்தேன், விழுங்கிக்கொண்டேன். புல்கே கடையில் ஒரு பெரியவர் மூன்று குவளை குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னாள் மனைவியைப் பற்றி ஒரு மணி நேரம் புலம்பினார். இதையெல்லாம் ஆறு வருஷம் எப்படிடா பொறுத்தாய்?

வக்கீலம்மாவைப் பார்த்தேன். கசில்தா அம்மாள் ஒரு வார்த்தை வந்து சொன்னால் போதும், நீ வெளியே வந்துவிடலாம் என்கிறாள். இதை நீ ஏன் எழுதவில்லை? ஊரில் வேறு சாட்சியே இல்லாதபோது, அந்த ஒருத்தியிடம் மட்டும் பேசாதே என்கிறாயே! அவளோடு ஏதாவது சண்டையா? கடன் கிடன் வைத்திருக்கிறாயா?

பதில் போடு.
ஒதிலியா


25 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

நலம். பொட்டலத்தில் பாதி வந்தது. உன் காலுக்குக் கற்பூரம் போட்ட சாராயம் தேய்த்துக்கொள்.

சண்டையும் இல்லை, கடனும் இல்லை. தோன்யா கசில்தா தங்கமான மனுஷி. எனக்கு எப்போதும் ஒரு கரண்டி அதிகம் ஊற்றுவாள். சாட்சி விஷயத்தை நீ கேட்க வேண்டாம், சித்தி மெதுவாகக் கேட்கட்டும். நீ கூட்டத்தோடு போகிறவள், கூட்டத்துக்கு எதிரில் இதெல்லாம் பேசக்கூடாது, அவ்வளவுதான்.

விசாரணை மே 29 என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால் சரி. இங்கே ஒருவன் பகலெல்லாம் சுவரில் விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறான். நிறுத்துடா என்று நேற்று கத்தினேன். அவன் நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

எவரார்தோ


11 மார்ச்

தம்பிக்கு,

சுகமா? இங்கே எல்லோரும் சுகம். முதலில் நல்ல செய்தி. தோன்யா கசில்தா வருகிறாள்!

சித்தியை அனுப்பினால் அவள் தன் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவாள் என்று நானே கேட்டேன். கசில்தா சோளமடல் உரித்துக்கொண்டிருந்தாள். தலைகூட நிமிரவில்லை. "செவ்வாய்க்கிழமைதானே? இங்கதான் நின்னான். எத்தனை மணிக்கு எங்க வரணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழாத, கஞ்சில உப்பு விழுந்துரும்" என்றாள்.

பிறகு அவள் மகன் எஃப்ரேனைப் பற்றிச் சொன்னாள். வடக்கே எல்லை தாண்டிப் போனவன். கூரை வேலை செய்தானாம். பதினான்கு மாதமாக ஒரு போன் இல்லை, ஒரு வரி இல்லை. அலைபேசியைச் சமையல் மேலங்கியின் பையில் வைத்திருக்கிறாள், இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஈரக்கையோடு தொட்டுப் பார்க்கிறாள். பார்க்க முடியவில்லை தம்பி.

இன்னொன்று. உன் நீல நோட்டு அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. ஒன்றும் இல்லை என்றாயே பொய்யா! ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கதை எழுதி வைத்திருக்கிறாய். எனக்குத்தான் உன்னைப் போல வாய் கிடையாதே, படித்துக் காட்டினால் டிப்ஸ் கொஞ்சம் கூடும். அடுத்த சனிக்கிழமை கொலம்பியாவிலிருந்து எட்டு ஆசிரியர்கள் வருகிறார்கள். நம் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், நாக்குக்கு அன்று ஓய்வு.

ஒதிலியா


13 மார்ச், அவசரம்

அக்கா,

கொலம்பியாக்காரர்களை மூன்றாவது நிறுத்தத்துக்கு அழைத்துப் போகாதே. கடை லீவு என்று சொல், வயிற்றுவலி என்று சொல், நேரே தெபாச்சேவுக்குப் போய்விடு. நோட்டைத் தொடாதே. காரணம் கேட்காதே. உன்னைக் கும்பிடுகிறேன்.

இதை வக்கீலம்மா கையில் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்குள் உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொன்னாள்.

எவரார்தோ


8 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? கால் எப்படி? மூன்று ஞாயிறுகளாகச் சித்தி சோற்றை மட்டும் கொண்டுவருகிறாள். "ஒதிலியா என்ன சொன்னா?" என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறாள். அவளுக்கு வாயை மூடத் தெரியும் என்று நாற்பது வருஷத்தில் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

என் கடிதம் உனக்கு எப்போது வந்தது? வெள்ளியா, அதற்குப் பிறகா? அதை மட்டும் எழுது. திட்டி எழுது. ஏதாவது எழுது. ராத்திரி பகலாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எவரார்தோ


15 ஏப்ரல்

எவரார்தோ,

நலம் விசாரிக்க மனசில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், காய்ச்சல் வந்ததாகச் சித்தி சொன்னாள். மருந்தைச் சாப்பிடு.

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. அந்தச் சனிக்கிழமை முடிந்து மூன்று நாள் கழித்து. வக்கீலம்மா கைப்பையிலேயே மறந்துவிட்டாளாம்.

என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமா? கேட்டுக்கொள். எட்டு ஆசிரியர்களும் ஆளுக்கொரு கோப்பைக் கஞ்சியோடு நின்றார்கள். தோன்யா கசில்தா எனக்கு ஒரு முழம் தூரத்தில் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் முட்டாள், முன்கூட்டிப் படித்துப் பார்க்காமல் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் நோட்டைச் சத்தமாக வாசித்தேன். 'பெட்டியின் மேல், தட்டால் மூடி வைத்திருக்கிற அந்த முதல் கோப்பையைப் பாருங்கள். இந்தத் தாயின் ஒரே மகன் பூகம்பத்தில் இடிபாடுகளுக்குள் செத்தான். அன்றிலிருந்து தினமும் முதல் கோப்பை அவன் ஆத்மாவுக்கு.'

பாதியிலேயே எனக்கு உறைத்தது. நாக்கு அதுபாட்டுக்கு முடித்துவிட்டது. கரண்டி நின்றது.

"யாரு செத்தா?" என்றாள்.

ஒரு ஆசிரியை அவள் கையைப் பிடித்து, "உங்க துக்கம் எங்களுக்கும் துக்கம் அம்மா" என்றாள். கசில்தா கையை உருவிக்கொண்டாள்.

"அந்தக் கோப்பை தெருப் பெருக்கற தோன் அமாதோவுக்கு. விடியக்காலம் எனக்கு எடம் புடிச்சு வைக்கறாரு, மத்தியானம் வந்து குடிப்பாரு. யாருடி சொன்னது எம்புள்ள செத்தான்னு? போன் வந்துச்சா? உனக்கு யாராச்சும் போன் பண்ணாங்களா?"

அவள் முகத்தைப் பார்த்தேன் எவரார்தோ. நிஜமாகவே சேதி வந்துவிட்டது, நான் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நோட்டைக் காட்டி, எல்லாம் உன் கற்பனை என்று புரியவைப்பதற்குள் அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் நிதானமாகத்தான் கேட்டாள். "எத்தன வருஷமா சொல்றான்?" ஆறு வருஷம் என்றேன். "வாரத்துக்கு நாலு தடவ. எம்முன்னாடியே நின்னுக்கிட்டு. நான் ஒரு கரண்டி கூட ஊத்துவேன், அவன் எம்புள்ளைக்கு ஒப்பாரி வெச்சுக்கிட்டு இருந்திருக்கான். வாய்விட்டு அத்தன தடவ சொன்னா பலிக்காம இருக்குமா?"

நான் அதன்பிறகும் போகிறேன். கூட்டத்தோடு நிற்கிறேன், கஞ்சி ஊற்றுகிறாள், காசை வாங்கிக்கொள்கிறாள், என் பக்கம் திரும்புவதில்லை. சாட்சிக்கு வரமாட்டாள். "வேற யாரையாச்சும் பாத்துக்க" என்றாள். வேறு யார் இருக்கிறார்கள்?

ஏன்டா இப்படிச் செய்தாய்?

ஒதிலியா


22 ஏப்ரல்

அக்கா,

காய்ச்சல் விட்டுவிட்டது. நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

முதல் வருஷம் ஒரு கிழவர் அந்தக் கோப்பையைக் காட்டி யாருக்கு என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தொடாமல் மூடி வைத்திருக்கிற கோப்பையைப் பார்த்தால் நமக்கு வேறென்ன தோன்றும்? செத்தவர்களுக்குத்தானே அப்படி வைப்போம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், மகனுக்கு என்று சொல்லிவிட்டேன். கிழவர் தொப்பியைக் கழற்றினார். அன்று டிப்ஸ் இரண்டு மடங்கு. அடுத்த நாள் பூகம்பத்தைச் சேர்த்தேன். அவளுக்கு மகன் இருக்கிறான் என்றே இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அந்தத் தைரியம்தான். நம் பாஷை பேசுகிற கூட்டம் வந்தால் அந்த இடத்தில் மக்காச்சோள வகைகளைப் பற்றிப் பேசிவிடுவேன். என்ன கெட்டிக்காரத்தனம் பார்!

எஃப்ரேன் போன் பண்ணுவதில்லை என்று எனக்குத் தெரியாது. கடவுள் சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன், அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அவளை இனி கேட்காதே. ஆறு வருஷம், எட்டு வருஷம், எத்தனை போட்டாலும் போடட்டும். அவளைக் கேட்க நமக்கு முகம் இல்லை.

எவரார்தோ


20 மே

தம்பிக்கு,

நலமா? மெலிந்துவிட்டாய் என்கிறாள் சித்தி. சோற்றை மற்றவனுக்குக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடாதே, சாப்பிடு.

கேட்காதே என்று நீ எழுதிவிட்டாய். எட்டு வருஷம் உனக்குச் சோறு சுமக்கப்போவது நான்தானே? கேட்காமல் எப்படி இருப்பேன்? சுற்றுலா இல்லாத புதன்கிழமைகளில் கடைக்குப் போனேன். போனதும் சோளமடல் கட்டை எடுத்து உரிக்க ஆரம்பித்துவிடுவேன். அவள் போ என்று சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. முதல் புதன் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது புதன், "மடலக் கிழிக்காத" என்றாள்.

மூன்றாவது புதன் நான்தான் பேசினேன். உன்னைப் பற்றி இல்லை. உனக்குக்கூடத் தெரியாத ஒன்று. டெக்சாஸில் நாலாவது வருஷம் என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஒரு கார்க் கொட்டகையில் படுத்திருந்தேன். இரண்டு வருஷம் அம்மாவுக்குப் போன் பண்ணவில்லை. காசில்லாமல் இல்லை. என்ன சொல்வது, 'அம்மா, நான் கொட்டகையில் இருக்கிறேன்' என்றா? நாளைக்கு நல்ல செய்தியோடு பண்ணலாம், நாளைக்குப் பண்ணலாம் என்று இரண்டு வருஷம் போய்விட்டது. நீங்கள் எல்லோரும் நான் எல்லையில் செத்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் சாகவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். இதைத்தான் அவளிடம் சொன்னேன்.

அவள் அடுப்புத் தீயைக் குறைத்தாள். "அந்த ரெண்டு வருஷம் உங்கம்மா என்ன பண்ணாங்க?" என்றாள்.

"தெரியாது தோன்யா. நான் கேக்கவே இல்ல."

"கேட்ருக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. விசாரணைத் தேதியை ஒரு தாளில் எழுதிப் பெட்டி மேல் வைத்தேன். அவள் எடுக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோதும் அங்கேயே கிடந்தது. வருவாளா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. 29 செவ்வாய்க்கிழமை, எனக்குப் பதினோரு பேர் கூட்டம். விட்டால் வேலை போய்விடும், வக்கீலம்மாவும் 'நீங்கள் வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை' என்கிறாள். நின்றால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை.

மாதா துணை.
ஒதிலியா


29 மே, விசாரணை முடிந்து

அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது. அவள் வந்தாள்.

கடைசி நிமிடம்வரை சாட்சி நாற்காலி காலி. வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், நீதிபதி பேனாவை மூடினார். அப்போது கதவு திறந்தது. கோர்ட்டுக்குள்ளே சமையல் மேலங்கியோடேயே வந்துவிட்டாள். என் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கையில் சுருட்டிய காலண்டர்.

அரசுத் தரப்பு வக்கீல் எகத்தாளமாகக் கேட்டார். "நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழம. தினம் நூறு பேருக்குக் கஞ்சி ஊத்தறீங்க. அந்த நாளு, அந்த நேரம் மட்டும் எப்படிம்மா ஞாபகம்?"

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என்னால் மறக்க முடியாது.

"அன்னிக்கு இவன் கூட்டிட்டு வந்ததுல தலை நரைச்ச ஒரு வெளிநாட்டு அம்மா இருந்தாங்க. என் கஞ்சியக் குடிச்சுட்டு ஓ-ன்னு அழுதாங்க. கோப்பையக் கீழ வெச்சுட்டு என்னைக் கட்டிப்புடிச்சாங்க. கோயில்ல பதினொரு மணி அடிச்சுது, அடிச்சு முடியறவரைக்கும் விடல. எனக்கு ஒண்ணும் புரியல. ஏன்டா அழறாங்கன்னு இவன்கிட்ட கேட்டேன். 'உங்க கஞ்சி அவ்வளவு நல்லா இருக்காம் தோன்யா'ன்னான். இருபத்தாறு வருஷமா கஞ்சி விக்கறேன் ஐயா. நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்க, யாரும் அழுதது இல்ல. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு காலண்டர்ல எழுதி வெச்சாரு, எஃப்ரேன் போன் பண்ணா சொல்லணும்னு."

காலண்டரை விரித்துக் காட்டினாள். ஜனவரி 23, சின்ன எழுத்தில்: 'கசில்தாவின் கஞ்சி குடித்து ஒரு அம்மா அழுதார்.'

அக்கா, எனக்கு அந்த அம்மா அழுததே ஞாபகம் இல்லை. அந்தக் கதையைக் கேட்டு வாரத்துக்கு ஒருவராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அவங்க உண்மையில கஞ்சிக்காகவா அழுதாங்க?" என்று வக்கீல் விடவில்லை. கசில்தா காலண்டரின் மேல் கையை வைத்தாள். "அது இந்த வழக்குக்கு வேணாம். நின்னானான்னு கேட்டீங்க. நின்னான்" என்றாள்.

நீதிபதி என்னை விடுவித்துவிட்டார். காகித வேலைகள் முடிந்து வெள்ளிக்கிழமை காலை வெளியே வருகிறேன். வக்கீலம்மா என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் கசில்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலண்டரைச் சுருட்டி, அதன்மேல் ரப்பர் வளையத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நீ வாசலுக்கு வராதே. நான் நேரே அவள் கடைக்குப் போகிறேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை, காலில் விழுந்துவிடுகிறேன். நான் வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவை.

எவரார்தோ


31 மே, வியாழன்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பஸ்ஸில் படித்தேன், பக்கத்தில் இருந்தவர் எழுந்து தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். உன் படுக்கையை வெயிலில் போட்டிருக்கிறேன். கோழியும் வாங்கியாயிற்று.

இன்று கூட்டத்தோடு மூன்றாவது நிறுத்தத்துக்குப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன், கரண்டியைக் கொடுத்து, "ஊத்து" என்றாள். எல்லோருக்கும் ஊற்றினேன். எஃப்ரேனிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. நான் கேட்கவில்லை, அலைபேசியைத் தொடுகிற கை சொன்னது.

நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை வருகிறான், நேரே இங்கேதான் வருவான் என்று.

"வெள்ளிக்கெழமயா?" என்றாள். பானையின் அடியை ஒருமுறை சுரண்டினாள். "வெள்ளிக்கெழம நான் கடை போடல."

இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு வெள்ளிக்கிழமைகூட லீவு போட்டதில்லை என்று தோன் மெல்கோர் சொல்கிறார். அதனால் தம்பி, நேரே வீட்டுக்கு வா.

சனிக்கிழமை போடுவீர்களா தோன்யா என்று கேட்டேன். இன்னும் பதில் சொல்லவில்லை.

மாதா உன்னைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.
அக்கா ஒதிலியா